பூமி மீது பழி!

2007 ஆகஸ்டு 6. அமெரிக்காவிலே, யூட்டா மாநிலத்திலே, கிராண்டல் கேன்யன் நிலக்கரிச் சுரங்கம். விடியுமுன், ஆறு தொழிலாளர்கள் உள்ளே இருக்க, சரிந்தது சுரங்கம். அதிர்வுக் கருவிகள் 3.9 என்று குறித்தன. உடனே கிளம்பினார் உரிமையாளர் ராபர்ட் மர்ரே. நிலநடுக்கம் வந்தது, சுரங்கம் சரிந்தது என்றார். குற்றவாளி கிடைத்துவிட்டது! பூமியைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? வாயில்லாப் பூமி!

ஆனால் தோழர்களே, பூமிக்கு வாய் இருந்தது. யூட்டா பல்கலைக் கழகத்து அறிஞர்கள் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தனர். பாறைப் பிளவு நழுவினால் உண்டாவது நிலநடுக்கம். அப்போது முதல் அசைவு சில நிலையங்களிலே மேல்நோக்கி இருக்கும், சிலவற்றிலே கீழ்நோக்கி. இங்கோ, எல்லாமே கீழ்நோக்கி! நிலம் நடுங்கிச் சுரங்கம் விழவில்லை. சுரங்கம் விழுந்ததால் நிலம் நடுங்கிற்று!

ஏன் விழுந்தது? நெய்வேலியிலே பழுப்பு நிலக்கரி வெட்டுவோனுக்கு வானமே கூரை. அங்கோ, ஏறத்தாழ 2,000 அடி மலை கூரை! அதைத் தாங்கக் கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். கடைசியிலே அந்தத் தூண்களையும் வெட்டி எடுத்துக்கொண்டு பின்வாங்குவது ஒரு முறை. தூண் குறையக் குறைய இலாபம் பெருகும். எஞ்சிய தூணின் தலைச்சுமையும் பெருகும். 2007 மார்ச்சிலேயே வடபகுதியிலே கரி வெடித்துச் சிதறிற்று. என்ன செய்தனர்? வடக்கை விட்டுத் தெற்கே போய் வெட்டினர்! சுரங்க அமைப்பே பழுது என்றது 2008-இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கை. வெடிப்புகளை உடனே அறிவிக்கவில்லை என்றும் சொல்லிற்று.

பாறையின் நிலையை முன்கூட்டிப் பார்க்க வழியே இல்லையா? உண்டு. பானை வாங்கும் தாய் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறாள்! சுரங்கத் தொழிலாளியும் கடப்பாறையால் கூரையைத் தட்டி, ஓசை கேட்டு உயிர் காத்தவன்தான். அதையே விஞ்ஞானம் பெரிதாகச் செய்கிறது. சுரங்கத்திலே அங்கங்கே அதிர்வறியும் கருவிகளைப் பதிக்கிறார்கள். கரி வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலே தட்டுகிற கையாக உதவும். அழுத்தம் ஏறி இறுகிய பாறையிலே அலை விரைந்தோடும்; நொறுங்கிய பாறையிலே தயங்கித் தயங்கி நடக்கும். கருவிகளின் கணக்கை ஒன்று சேர்த்தால், ஆஸ்பத்திரியிலே உடலுக்குள் படம் எடுப்பது போலப் பாறையின் உட்படம் கிடைக்கிறது. இன்ன நாழிகையிலே விழும் என்று கூறும் சோதிடமல்ல அது; சுமை எங்கே குவிகிறது என்று காட்டும். அது போதாதா எச்சரிக்கைக்கு?

நாம் கேட்பது இதுதான்: அந்தப் படம் யார் கைக்குப் போகிறது? மானேஜரின் மேசைக்கா, கீழே இறங்குவோனின் கண்ணுக்கா? இறங்க மறுக்கும் உரிமை இல்லாதவனுக்குப் படம் காட்டி என்ன பயன்? படமும் வேண்டும், ஆபத்து கண்டு வெளியேறினால் கூலியிலே கை வைக்காத சட்டமும் வேண்டும்.

கிராண்டல் கேன்யனிலே, மீட்கச் சென்றவர்களில் மூவர் ஆகஸ்டு 16 அன்று மற்றொரு சரிவிலே மாண்டனர். முதலில் சிக்கிய அறுவரின் உடல்களும் மீட்கப்படவேயில்லை. அந்த மலைக்குள்ளேதான் கிடக்கின்றன. பாதுகாப்பு விதிகளை மீறியதாகச் சுரங்க நிறுவனம் 2012-இல் ஒப்புக்கொண்டது. அபராதம், 5 இலட்சம் டாலர்.