களிமண் மருந்தை முதலில் காலில் கட்டுங்கள்

இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு களிமண்ணைக் கலந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் பொருள் செய்வது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை நேரம் கிடைக்கும்போது வாசிப்பேன். ஜொகூரின் ஸ்கூடாயில் மருந்தகம் நடத்துகிறவளுக்கு அது தொழில் ஆர்வம். அவற்றில் நிறைய, புற்றுநோய் மருந்தைப் பத்திரமாகக் குடலில் கொண்டுபோய் இறக்குவதைப் பற்றியே பேசுகின்றன. நல்ல கனவுதான். ஆனால் ஜொகூரில் இந்த வேலையைத் தொடங்க வேண்டிய இடம் குடல் அல்ல, கால். இனிப்பு நீர்க்காரரின் ஆறாத கால் புண்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மேடைக்கு மேடை சொல்லப்பட்டு இந்த எண் நமக்குப் பழகிவிட்டது. என் கடைக்கு அது இரவு ஒன்பது மணிக்கு மேல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் வருகிறது. சிங்கப்பூரில் வேலை முடித்து, மோட்டாரில் பாலம் தாண்டி வருகிற ஆட்கள். காஸ் துணி ஒரு பாக்கெட், சலைன் இரண்டு போத்தல், பிளாஸ்டர் ஒரு சுருள்.

"கிளினிக்ல போய்க் கட்டு மாத்தலையா அண்ணே?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"கிளினிக் எட்டு மணிக்கு, தங்கச்சி. நான் நாலரைக்கே பாலத்துல நிக்கணும். ஒரு நாள் போனா ஒரு நாள் சம்பளம் போச்சு."

அதனால் அவரே கட்டிக்கொள்கிறார், வேலையிடத்துக் கழிவறையில். காய்ந்து ஒட்டிப்போன காஸைப் பிய்க்கும்போது புதிதாக வளர்ந்த சதையும் அதோடு வந்துவிடும். மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருக்கக்கூடிய, அந்த மூன்று நாளும் மருந்தை அளவாக விடக்கூடிய ஒரு கட்டு அவருக்குக் கிடைத்தால் அது சம்பளக் கணக்கிலும் தெரியும்.

களிமண் மருந்துக்குப் புதிதல்ல. தோட்டத்து டிரசர் வயிற்றுப்போக்குக்கு ஊற்றிக் கொடுத்த வெள்ளைக் கயோலின் மிக்ஸ்சர் களிமண்தானே! (இன்றைக்கு அதற்கு முதல் மருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல், மிக்ஸ்சரைத் தேடி வருகிற பெரியவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.) அந்த மிக்ஸ்சரில் ஒரு தொல்லை இருந்தது. கூடவே விழுங்கிய வேறு மருந்தையும் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் களிமண் மருந்துக்கும் மற்ற மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்கிறோம். அந்தத் தொல்லையைத்தான் ஆய்வாளர்கள் இப்போது வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

கயோலின் அவ்வளவாக வீங்காத வகை. மொண்ட்மோரிலோனைட் என்ற இன்னொரு களிமண் தண்ணீர் பட்டால் உப்பும். ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். கணக்குப்படி ஒரு கிராமில் உள்ள தகடுகளை எல்லாம் பிரித்து, இருபுறப் பரப்பையும் கூட்டினால் எட்டு பேட்மிண்டன் மைதானத்துக்கு மேல் வரும். தகடுகளின் மேல் எதிர்மின்னேற்றம். கைட்டோசானை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைத்தால் அதற்கு நேர்மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ள, கைட்டோசான் தகடுகளுக்கு நடுவே நுழைகிறது. கலவையைத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் மெல்லிய படலம் கிடைக்கும். உள்ளே இருக்கும் மருந்து வெளியே வரத் தகடுகளைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அதனால்தான் தாமதம். (இறால் என்றதும் சைவக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம். காளானிலிருந்தும் கைட்டோசான் எடுக்கிறார்கள்.)

கைட்டோசானும் களிமண்ணும் தனித்தனியாக ஏற்கெனவே புண்ணில் வைத்துப் பார்க்கப்பட்டவை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்க இராணுவம் இரத்தப்போக்கை நிறுத்தக் கைட்டோசான் கட்டுகளைப் பயன்படுத்தியது. 2008 முதல் கயோலின் தோய்த்த காஸை அது பரிந்துரைத்தது. கயோலின் பட்டால் இரத்தம் சீக்கிரம் உறையும். நம் நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. 2010இல் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மொண்ட்மோரிலோனைட், கைட்டோசான் கலவைக்குள் வெள்ளி நானோதுகள்களை உண்டாக்கி, அவை பாக்டீரியாவைக் கொல்வதைக் காட்டினார்கள். என் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (யூடிஎம்) மொண்ட்மோரிலோனைட்டையும் நானோ செல்லுலோஸையும் பாலிலாக்டிக் அமிலம் என்ற மக்கும் பிளாஸ்டிக்கில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் களிமண்ணில் கைப்பழக்கம் இருக்கிறது.

வெள்ளி கலந்த கட்டுகள் இப்போதே விற்கின்றனவே என்று கேட்பீர்கள். என் அலமாரியிலும் இருக்கின்றன. விலையைச் சொன்னதும், "காஸே குடுங்க" என்பார்கள். அதோடு, எந்தக் கட்டும் தனியாகப் புண்ணை ஆற்றிவிடாது. சர்க்கரை இறங்க வேண்டும், காலில் விழும் பாரம் குறைய வேண்டும். அப்படியிருந்தும் மலிவான, அடிக்கடி மாற்றத் தேவையில்லாத கட்டுக்கு இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அந்த இடத்தை நிரப்ப இன்னொரு புதிய கலவை வேண்டியதில்லை. வேண்டியது பெருமை கிடைக்காத ஒரு வேலை: ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் வரும் களிமண், ஒரே தரத்தில் வரும் கைட்டோசான். மண்ணில் கிடைப்பது மண்ணின் குணத்தோடுதான் வரும். 2019இல் பிரெஞ்சு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, களிமண் மருந்துகளில் சிறிதளவு ஈயம் இருக்கலாம் என்பதால் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றது. பல காலம் விற்ற மருந்துக்கே அந்த நிலை. இறால் ஓட்டிலும் அப்படித்தான். காரத்தில் எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் வேகவைத்தீர்கள் என்பதைப் பொறுத்துக் கைட்டோசானின் குணம் மாறும். இந்தச் சுத்திகரிப்புக்கும் சோதனைக்கும் மானியம் கேட்டால், இதில் புதுமை என்ன என்பார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

ஜொகூர் மண்ணில் கயோலின் உண்டு. இறால் ஓட்டுக்கும் இங்கே பஞ்சமில்லை. மாநில அரசு பணம் ஒதுக்க நினைத்தால் இந்தத் தர வேலைக்கு ஒதுக்கட்டும். வெறும் கட்டு என்றால் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும். மருந்து சேர்ந்துவிட்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் பார்க்கும். இரண்டு வாசலும் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, நேற்றுச் செய்ததும் இன்று செய்ததும் ஒன்றுதானா என்பது.

ஆய்வகங்களுக்கும் ஒன்று. மருந்து வெளியேறும் வேகத்தைப் பெரும்பாலும் 37 டிகிரியில், காரகாடித்தன்மை (pH) 7.4 உள்ள தெளிந்த உப்புக் கரைசலில்தான் அளக்கிறீர்கள். ஆறாத புண்ணின் நீர் பல நேரம் அதைவிடக் காரமாக இருக்கும். புரதமும் பாக்டீரியாவும் மொய்க்கும். அந்த நீரிலும் அளந்து காட்டுங்கள். திட்டம் எழுதும்போதே அரசாங்கக் கிளினிக்கில் தினமும் கட்டு மாற்றுகிற ஒரு தாதியைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். படலம் எத்தனை நாள் தாங்கியது, பிரிக்கும்போது சதையோடு ஒட்டியதா என்பதை அவர் எழுதட்டும்.