கணக்கு எங்கே சார்?

உத்திரமேரூர் போயிருக்கிறீர்களா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. எல்லோரும் குடவோலையைப் பற்றியே பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதிலுள்ள வேறொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர், அவர் சொந்தக்காரர்கள், யாருமே மறுபடி பதவிக்கு நிற்க முடியாது.

அந்தச் சுவர் முன்னால் நின்று ஒரு கணக்கு கேட்கிறேன். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தின் கணக்கு.

பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகம் ‘ஹன்ஸா’ என்று ஒன்றை வடிவமைத்தது. பைலட் பயிற்சிக்கான விமானம். ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். 1993-ல் பறந்தது, 2000-ல் சான்றிதழும் வாங்கியது. அப்புறம்? மொத்தம் செய்தது இருபதைக்கூட எட்டவில்லை. அடுத்த மாடல் பறந்தது 2021-ல்! பயிற்சிப் பள்ளிகள் அதுவரை காத்திருக்குமா? செஸ்னா வாங்கிக்கொண்டு போய்விட்டன. பள்ளிக்காரருக்கு வேண்டியது விமானம் மட்டுமா? செவ்வாய்க்கிழமை உடைந்த பாகம் வியாழக்கிழமை கையில் கிடைக்க வேண்டும். ஆராய்ச்சிக்கூடம் கடை போட்டு உட்காருமா என்ன?

அதே பெங்களூரில் ராஜ் ஹம்ஸா என்ற தனியார் கம்பெனி ‘எக்ஸ்-ஏர்’ செய்தது. அலுமினியக் குழாய்களை போல்ட் போட்டு முடுக்கி, மேலே பாய்மரத் துணி போர்த்திய அல்ட்ராலைட். பிரான்ஸிலும் பிரிட்டனிலும் அதைப் பெட்டியில் வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிப் பறந்தார்கள்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். 2015-ல் நம் பாதுகாப்பு அமைச்சகம் விமானப்படை, கடற்படை, என்.சி.சி.க்காக 194 இரட்டை ஸீட் மைக்ரோலைட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. யாருக்கு? ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரலுக்கு. அந்த நாட்டின் ஜனத்தொகை சுமார் 20 லட்சம். 2011-ல் பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தவர்களில் பாதி!

பிபிஸ்ட்ரல் நல்ல விமானம்தான், அதில் சண்டையில்லை. ‘ஹன்ஸா எடை அதிகம், மைக்ரோலைட் கணக்கில் வராது’ என்பார் விவரம் தெரிந்தவர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எடைக்குள் ஒன்றை வரைய நமக்குத் தெரியாதா? எக்ஸ்-ஏர் செய்தது எந்த ஊரில்?

194 விமானத்துக்கு ஆர்டர் என்பது ஒரு தொழிற்சாலையே நிற்கக்கூடிய ஆர்டர். பத்து வருஷம் முன்னாலேயே ‘இத்தனை வாங்குகிறோம், இந்த எடைக்குள் செய்யுங்கள்’ என்று இங்கே யாரிடமாவது சொன்னார்களா? சொன்னார்கள் என்றால் அந்தக் கடிதத்தைக் காட்டட்டும். சொல்லவில்லை என்றால், ஏன் சொல்லவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்களே கேளுங்கள். பத்து ரூபாய்தான் ஆகும்.