தாத்தாவின் துப்பாக்கியைத் தேய்க்காதீர்கள்!

தலைப்பைப் பார்த்துவிட்டு, "நம் பக்கத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை?" என்று நீங்கள் மூக்கின் மேல் விரலை வைப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். எல்லார் வீட்டிலும் தாத்தா விட்டுப்போன சாமான் என்று ஏதாவது இருக்கும். சில வீடுகளில் அது பித்தளை அண்டா. சில வீடுகளில் லைசென்ஸோடு வாங்கிய வேட்டைத் துப்பாக்கி. தாத்தா இருக்கும்வரை அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவர் போய், காரியங்கள் முடிந்து, பந்துக்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிய பிறகு, "இதை என்ன செய்வது?" என்ற கேள்வி யார் தலையில் விழுகிறது? வீட்டிலுள்ள பெண்கள் தலையில்தான்!

அப்போது வழக்கமாக இரண்டு யோசனைகள் வரும். ஒருவர் உப்புத்தாளும் எண்ணெயுமாக வந்து, "துருவைப் பளபளவென்று தேய்த்துவிடலாம்" என்பார். இன்னொருவர், "இந்தப் பழைய இரும்புக்கு யார் காசு கொடுப்பார்கள்? வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்பார். இரண்டுமே நஷ்டத்துக்கு வழி. ஏன் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் வடமேற்கில் ஜவ்வாது மலை. அதையடுத்து மேற்கே ஏலகிரி. ஒரு காலத்தில் இந்த மலைப் பக்கங்களில் சிறுத்தைப் பயம் பாட்டி சொல்லும் கதையல்ல, நிஜம். பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் (1910–1974), ஏலகிரியின் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றி 1957-ல் வந்த தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய கதைகளைப் படித்தவர்களுக்கு அவர் கைத் துப்பாக்கியும் ஒரு பாத்திரம் மாதிரி. அது 405 ரக வின்செஸ்டர். 1895 மாடல் லீவர் ரைபிள்.

லீவர் ரைபிள் என்றால் என்ன? அமெரிக்கச் சினிமாவில் குதிரைமேல் வரும் வீரன் 'கடக், கடக்' என்று கையை ஆட்டிச் சுடுவானே, அதுதான். விசைக்குக் காவலான வளையம் கத்தரிக்கோல் பிடியைப் போல நீண்டு, விரல்களுக்கு இடம் தரும். அதைக் கீழே தள்ளினால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே ஏறும்.

பழைய ரகங்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள இன்னொரு குழாயில் ரயில் பெட்டிகளைப் போல வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தோட்டாவின் அடிப்புறத்திலும் தீப்பிடிக்கும் பொட்டு ஒன்று உண்டு. பின்னால் நிற்கும் தோட்டா கூர்முனையாக இருந்தால், அதிர்ச்சியில் முன்னால் உள்ளதன் பொட்டைக் குத்திவிடுமே! ஆகையால் மொட்டை முனைத் தோட்டாதான் போட முடியும். ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்க மேதை 1895 மாடலில் அந்தக் குழாயையே எடுத்துவிட்டார். தோசைகளைத் தட்டில் அடுக்குவதுபோல், தோட்டாக்களை ஒரு பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கூர்முனைத் தோட்டாவுக்கும் பெரிய தோட்டாவுக்கும் வழி பிறந்தது. 1909-ல் அமெரிக்க மாஜி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போனபோது, இந்த 405 ரகத்தைத்தான் சிங்கத்துக்கென்று எடுத்துச் சென்றார்.

சரி, இதைச் சேகரிக்கிறவர்கள் எதற்காகப் பணத்தைக் கொட்டுகிறார்கள்? பழசு என்பதற்காக மட்டுமல்ல. 1894 மாடல் வின்செஸ்டர் 70 லட்சத்துக்கு மேல் தயாரானது. எல்லாமே பொக்கிஷம் என்றால் எப்படி? அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி: "1964-க்கு முன்னா, பின்னா?" அந்த வருஷத்தில் கம்பெனி செலவைக் குறைக்க, கடைந்து செய்த பாகங்களுக்குப் பதிலாக மலிவான முறையில் செய்த பாகங்களைப் போட்டது. பார்வைக்குப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் தெரிந்தவர் கை தடவினாலே சொல்லிவிடும். பழைய தையல் மெஷினைப் பற்றி, "இப்போது வருவதெல்லாம் அந்த மாதிரியா?" என்று உங்கள் மாமியார் பெருமூச்சு விடுவதில்லையா? அதே சமாசாரம்தான்!

அடுத்தது அருமை. 1873 மாடலில் ஏழு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். குறி தவறாமல் சுட்ட குழல்களை மட்டும் தனியே பொறுக்கி, 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறித்து, 100 டாலருக்கு விற்றார்கள். அப்படி வந்தவை நூற்று முப்பது சொச்சம்தான். 1950-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த 'வின்செஸ்டர் 73' படம் வெளிவந்த சமயத்தில், "உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று படக் கம்பெனி விளம்பரமே செய்தது. சொந்த வீட்டு மூலையில் இருப்பது என்னவென்று அதுவரை தெரியாமலே இருந்தவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா?

இனி நம் உப்புத்தாள்காரருக்கு வருவோம். புது ரைபிளின் இரும்புக்கு ஒரு நீலக்கருப்பு மெருகு உண்டு. கட்டை வால்நட் மரம். நூறு வருஷம் கைபட்டு அந்த மெருகு மங்கிப் பழுப்பாகும். கட்டையில் கீறல் விழும். சேகரிப்பவருக்கு வேண்டியது இதுதான். அசல் மெருகில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்தே விலை சொல்லுவார். தேய்த்துப் பளபளப்பாக்கினால், பொறித்த எழுத்தின் கூர்மையும் போகும், வரிசை எண்ணும் மழுங்கும், விலையும் பாதாளத்துக்குப் போகும். பாட்டியின் கூறைப்புடவையில் மங்கின சரிகையைப் பிய்த்துவிட்டுப் புதுச் சரிகை வைத்தால், அது பாட்டியின் புடவையாக இருக்குமா?

2014 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஒரு தேசியப் பூங்காவின் நடுக்காட்டில், மரத்தில் சாய்த்தபடி ஒரு 1873 மாடல் வின்செஸ்டரைக் கண்டெடுத்தார்கள். இரும்பெல்லாம் துரு, கட்டை வெடித்து வெளுத்திருந்தது. வயோமிங் மாநிலத்திலுள்ள கோடி என்ற ஊரின் மியூசியத்தில் அந்தக் கம்பெனியின் பழைய கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. வரிசை எண்ணை வைத்து, 1882-ல் தயாரானது என்று கண்டுபிடித்தார்கள். எக்ஸ்ரே எடுத்தபோது கட்டைக்குள்ளே ஒரு தோட்டா ஒளிந்திருந்தது! யார் அங்கே வைத்தார், ஏன் திரும்பி வரவில்லை? தெரியவில்லை. ஆனால் துருவையும் வெடிப்பையும் போக்காமல், மேலும் உதிராதபடி மட்டும் பாதுகாத்தார்கள். அந்தத் துருதானே கதை!

இதெல்லாம் அயல்நாட்டுச் சங்கதி, நம் வீட்டில் என்ன செய்வது என்கிறீர்களா? கவனமாகக் கேளுங்கள். முதலில், லீவரையோ விசையையோ தொடாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். அடுத்து, லைசென்ஸ்காரர் காலமானதும், 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைத் தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்துவிட்டால் பறிபோய்விடும் என்று பயப்பட வேண்டாம். வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் பெற்றுத் திரும்ப வாங்கலாம். அல்லது வைத்துக்கொள்ள உரிமையுள்ளவருக்கு விற்கலாம். இதற்கு வேங்கிக்காலிலுள்ள கலெக்டர் ஆபீஸுக்கு மனுச் செய்ய வேண்டும். ஆனால் அதற்கென்று விதித்த கெடுவைத் தாண்டினால் சர்க்காருக்கே சேர்ந்துவிடும். "பார்த்துக்கொள்ளலாம்" என்று அலட்சியமாக இருப்பவர்கள் இழப்பது இங்கேதான். 2019-ல் வந்த திருத்தப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. வேட்டைக்கோ 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

ரிப்பேர் செய்தாலும் வெடிக்காத பழங்காலத் துப்பாக்கிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அப்படிப்பட்டதா இல்லையா என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. லைசென்ஸ் தொல்லை வேண்டாம் என்று குழலில் துளை போடுகிறவர்களும் உண்டு. துளை போட்டால் துப்பாக்கி ஊமையாகும். அதோடு மதிப்பும் ஊமையாகிவிடும்.

கடைசியாக, மிக முக்கியமான காரியம். அதற்குக் காசு வேண்டாம். ஒரு முழுத்தாளும் பேனாவும் போதும். துப்பாக்கியை எந்த வருஷம், யாரிடம் வாங்கினார்கள், தாத்தா எந்தக் காட்டுக்குக் கொண்டுபோனார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். லைசென்ஸ் புத்தகம், கடை ரசீது, தாத்தா அதோடு நிற்கும் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கதைக்கு அத்தாட்சி இருந்தால்தான் மதிப்பு.

செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கள்வரோடு போராடி மாண்ட ஒரு வீரனுக்காக நட்டது. கூடவே, இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அந்த வீரன் பிடித்த ஆயுதம் என்றோ மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்குப் பிறகு நாயின் பெயர்கூட நமக்குத் தெரிகிறது. யாரோ ஒருவர் அன்றைக்கே எழுதி வைத்தார், அதனால்தான்!