பொழுதுபோக்கா, வீண் வேலையா? மாதிரிக் கார்களும் எங்கள் பிள்ளைகளும்



சில காலத்துக்கு முன் ஒரு தாயார் தனது பதினாறு வயது மகனை எனது பிராக்சிசுக்கு அழைத்து வந்தார். காய்ச்சல், இருமல் எதுவும் இல்லை. "டொக்டர், இவன் பள்ளிக்கூடத்தாலை வந்தவுடனை அறைக்குள்ளை போய் பிளாஸ்ரிக் கார் ஒட்டிக்கொண்டு இருக்கிறான். அலுமாரி முழுக்கக் கார்தான். சின்னப் பிள்ளையளின்ரை விளையாட்டெல்லோ இது? இவனுக்கு ஏதும் வருத்தமோ? நீங்கள் சொன்னால் கேப்பான்" என்றார். மகன் தலையைக் குனிந்தபடி இருந்தான். (ஆட்களை அடையாளம் காணாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தாயார் எதிர்பார்த்தபடி நான் மகனுக்குப் புத்திமதி சொல்லவில்லை. மாறாக, கடைசியாகச் செய்த காரைப் பற்றி அவனிடம் கேட்டேன். அதுவரை வாய் திறக்காதவன் பத்து நிமிடம் கதைத்தான். அன்று தாயாரிடம் நேரமின்மையால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல.

சிறுபிள்ளை விளையாட்டு அல்ல

நாம் வாழும் ஜேர்மனி இந்தப் பொழுதுபோக்கின் தாய்வீடுகளில் ஒன்று. சூக்கோ நிறுவனம் 1912இல் நூர்ன்பேர்க்கில் தொடங்கியது. அதே நகரில் 1950 முதல் சர்வதேச விளையாட்டுப் பொருட் கண்காட்சி நடந்து வருகிறது. றெவெல் நிறுவனத்தின் ஜேர்மன் கிளை 1956இல் பூண்டே நகரில் உருவானது. மினிசாம்ப்ஸ் 1990இல் ஆகன் நகரில் தொடங்கப்பட்டது. ஹம்பேர்க்கில் 2001இல் திறக்கப்பட்ட 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' பலர் பிள்ளைகளுடன் போய்ப் பார்த்த இடம். அங்கே ரயில்களோடு சிறிய கார்களும் தாமாகவே வீதியில் ஓடுகின்றன.

இந்தத் துறையின் அடிப்படை கணக்கு. 1:24 என்றால் உண்மையான காரின் ஒவ்வொரு நீளமும் 24இல் ஒன்றாகக் குறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நாலரை மீற்றர் நீளமான கார் 1:18 அளவில் 25 சென்ரிமீற்றர், 1:24 அளவில் ஏறத்தாழ 19, 1:43 அளவில் பத்தரை, மாதிரி ரயில்களுக்குப் பொருந்தும் 1:87 அளவில் ஐந்து சென்ரிமீற்றர் வரும். முடிந்த காரை வாங்கிச் சேர்ப்பவர்கள் ஒரு வகை. 'பௌசாட்ஸ்' என்னும் உதிரிப்பாகப் பெட்டியை வாங்கி, தாமே வெட்டி, தேய்த்து, நிறம் பூசி, ஒட்டுபவர்கள் இன்னொரு வகை. அந்தப் பையன் இரண்டாவது வகை.

வைத்தியராக எனது கருத்து

ஒரு பௌசாட்ஸில் நூறுக்கு மேற்பட்ட துண்டுகள் இருக்கக்கூடும். வரைபடத்தைப் பார்த்து எதை முதலில், எதைப் பிறகு என்று ஒழுங்குபடுத்த வேண்டும். சாவணத்தால் பிடிக்கும்போது கை நடுங்கக் கூடாது. நிறம் காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் விரல் அடையாளம் அப்படியே பதிந்துவிடும். பிழை விட்டால் சுரண்டி எடுத்துத் திரும்பச் செய்ய வேண்டும். கைத்தொலைபேசி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடும் இந்தக் காலத்தில், ஒரு பதினாறு வயதுப் பிள்ளை இரண்டு மணித்தியாலம் ஒரே வேலையில் மனத்தை வைத்திருக்கிறான் என்றால் அதை வருத்தம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். 2023இல் 'நேச்சர் மெடிசின்' மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், 16 நாடுகளைச் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்ட 93,263 பேரின் தகவல்கள் ஆராயப்பட்டன. பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், வாழ்க்கைத் திருப்தி கூடுதலாகவும் காணப்பட்டன. பொழுதுபோக்குத்தான் முழுக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இது மருந்துக்குப் பதிலும் அல்ல. ஆனால் என்னிடம் வரும் எங்கள் ஆண்கள் பலரை நினைக்கும்போது இந்த ஆய்வை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. முப்பது வருடம் உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் இரவு பகலாக நின்றவர்கள், வேலை நின்ற அடுத்த நாள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருக்கிறார்கள். பிறகு தொலைக்காட்சி, சிலருக்குப் போத்தல். சீனியும் பிறசரும் அதற்குப் பின்னால் வருகின்றன.

நாமும் செய்தவர்கள்தான்

"எங்கடை ஊரிலை இதெல்லாம் எங்கை இருந்தது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி. பனங்காய் வண்டில் உருட்டாத பிள்ளை எங்கள் ஊரில் இருந்ததா? பழைய பாட்டாச் செருப்பில் சில்லு வெட்டி, மீன் ரின்னில் பூட்டி இழுத்தவர்கள்தானே நாம். எங்களுக்குக் கடைப் பெட்டி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அந்தப் பெட்டி முதன்முதலாகக் கிடைத்தது எண்பதுகளில், அகதிகள் விடுதியில் இருந்தபோது. பக்கத்து வீட்டு ஜேர்மன் முதியவர் ஒருவர் பழஞ்சாமான் சந்தையில் வாங்கித் தந்த ஃபோக்ஸ்வாகன் 'கேஃபர்' கார் அது. வழக்கு முடிவு எப்போது வரும், ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாத நாட்கள். ஒட்டுவது, உலர விடுவது ஆகியவற்றுக்கான ஜேர்மன் சொற்களை அந்தத் தாளில்தான் படித்தேன். ஒரு சில்லு இன்றைக்கும் சரிந்துதான் நிற்கிறது. ஆனாலும் அந்த மேசையில் இருந்த நேரங்களில் மட்டும் நான் எதற்காகவும் காத்திருக்கவில்லை.

அந்தப் பையனின் தகப்பனார் சில வாரங்களின் பின் பிறசர் பார்க்க வந்தார். மகனுடன் கிழமைக்கு ஒரு மாலை அந்த மேசையில் இருக்கும்படி சொன்னேன். "அவனோடை என்னத்தைக் கதைக்கிறது டொக்டர்? அவன்ரை ஜேர்மன் எனக்கு விளங்காது, என்ரை தமிழ் அவனுக்கு விளங்காது" என்றார். கதைக்க வேண்டாம், துண்டைப் பிடித்துக் கொடுங்கள் என்றேன்.

மூன்று மாதத்தில் திரும்ப வந்தார். பிறசரில் பெரிய மாற்றமில்லை. ஆனால் ஒரு விசயம் சொன்னார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாதபோது, மாமாவின் மொறிஸ் மைனரைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையை மகனுக்குச் சொன்னாராம். மகன் தேடி, ஒக்ஸ்போர்ட் டைகாஸ்ட் நிறுவனம் செய்த 1:76 அளவிலான மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கினான். ஐந்து சென்ரிமீற்றர்தான். "மாமாவின்ரை கார் நம்பரைக் கேட்டு, தூரிகை முனையாலை எழுதிப்போட்டான் டொக்டர்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. ஊரைப் பற்றி மகன் தானாகக் கேட்ட முதற் கேள்வி அதுதானாம்.

கவனிக்க வேண்டியவை

1. பிளாஸ்ரிக் பசையிலும் எனாமல் நிறங்களிலும் ஆவியாகும் கரைப்பான்கள் உண்டு. யன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். படுக்கை அறையில் வேண்டாம். தலையிடி, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி வெளிக்காற்றுக்குப் போங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் நிறமே நல்லது.

2. கொரோனா காலத்தில் வாங்கிய எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம் தேய்க்கும்போது வரும் தூளைத் தடுக்கும். கரைப்பான் ஆவியைத் தடுக்காது.

3. 'சூப்பர் குளூ' விரல்களை ஒட்டிவிட்டால் இழுத்துப் பிரிக்க வேண்டாம். இளஞ்சூடான சவர்க்காரத் தண்ணீரில் ஊற விட்டு மெதுவாகப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவி, இமையைப் பலவந்தமாகத் திறக்காமல் உடனே கண் வைத்தியரிடம் போங்கள்.

4. பசையையோ கரைப்பானையோ பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போகக்கூடும். உங்கள் மாநிலத்து நச்சு அவசர சேவையை அழையுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் 112.

5. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் சிறு பாகங்கள் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். 14 வயதுக்கு மேல் என்று குறிக்கப்பட்ட சேகரிப்பு மாதிரிகள் விளையாட்டுச் சாமான்கள் அல்ல.

6. கத்தியை உடம்புக்கு எதிர்ப்பக்கமாக வெட்டுங்கள். ஏற்பூசி பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். உங்கள் தடுப்பூசிப் புத்தகத்தை இன்றே பாருங்கள்.

7. நாற்பது தாண்டினால் கிட்டப் பார்வை குறைவது இயல்பு. நல்ல விளக்கும் சரியான வாசிப்புக் கண்ணாடியும் வேண்டும். அரை மணிக்கொருமுறை எழுந்து தூரத்தைப் பாருங்கள். பிள்ளைகள் நாளாந்தம் வெளியே பகல் வெளிச்சத்தில் விளையாட வேண்டும். அது கிட்டப்பார்வைக் கோளாறு வராமல் இருக்க உதவும். நடைப்பயிற்சிக்கும் இது பதிலாகாது.

எப்போது யோசிக்க வேண்டும்?

ஒரு பொருளைச் சேர்ப்பது நோயல்ல. ஆனால் நித்திரை, பள்ளி, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கினால், வீட்டுக்கு மறைத்துப் பணம் செலவழித்தால், முன்பு விருப்பமாக இருந்த எதிலும் பிடிப்பில்லாமல் போனால் வைத்தியரிடம் வாருங்கள். அங்கே பிரச்சினை கார் அல்ல. கைவேலையால் நுணுக்கமாகச் செய்த 1:18 மாதிரிகள் சில நூறு யூரோ விலை போகின்றன. "பிறகு கூடின விலைக்கு விற்கலாம்" என்று கடன்பட்டு வாங்குவது புத்தியல்ல. ஒன்றை முடித்த பின்தான் அடுத்த பெட்டி என்ற விதி எங்கள் வீட்டிலும் உண்டு.

முடிவாக ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, தகப்பன்மார் வாகனத் தரிப்பிடத்தில் கைத்தொலைபேசியுடன் இருக்கிறார்கள். மாதத்தில் ஒருநாள் எங்கள் சங்க மண்டபத்தில் இரண்டு மேசை போடுவோம். பசையும் நிறமும் நான் கொண்டு வருகிறேன். பனங்காய் இங்கே கிடைக்காது. ஆனால் வண்டில் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. அந்தக் கைகளைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

நலமுடன் வாழ்க.