தோற்றவர்களுக்கு இன்னொரு ஆட்டம்



அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹூவர் என்றொரு நகரம் உண்டு. தென்கிழக்குக் கூட்டமைப்பைச் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் பேஸ்பால் அணிகள் மே மாதப் பிற்பகுதியில் சாம்பியன் பட்டத்துக்காக அங்கே கூடிவருகின்றன. 2025ஆம் ஆண்டில் அந்தப் போட்டியின் விதி மாறியது. அதற்கு முன், முதல் நாளைக் கடந்த அணிகளுக்கு அரையிறுதி வரையில் ஒரு தோல்வி பொறுக்கப்பட்டது. இரண்டாம் தோல்விதான் வெளியே அனுப்பியது. இப்போது 16 அணிகள். ஒருமுறை தோற்றால் வீடு திரும்ப வேண்டியதுதான். டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்தபின், ஒரே வாரத்தில் இத்தனை அணிகளையும் ஆடவைப்பது எளிதல்ல. நிர்வாகமாகப் பார்த்தால் குறைசொல்ல இயலாது. ஆயினும் பழைய விதியில் ஒரு ஞானம் இருந்தது. அது போய்விட்டதே என்று வருந்துகிறேன்.

அதைத் தொடர்ந்து நடைபெறும் தேசியப் போட்டியின் முதற்கட்டத்தில் அந்த ஞானம் இன்னும் இருக்கிறது. 64 அணிகள், 16 இடங்களில் நான்கு நான்காக ஆடுகின்றன. தோல்வியே காணாத அணிக்கு மூன்று வெற்றிகள் போதும். முதல் ஆட்டத்தில் தோற்ற அணியோ, அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களை வெல்ல வேண்டும். அதுவும் சில நாட்களுக்குள். நூறு பந்துகள் எறிந்த முதன்மைப் பந்துவீச்சாளரின் கரம் மீண்டும் ஆயத்தமாக நாட்கள் பிடிக்கும். ஆகையால் பருவம் முழுவதும் ஓரத்தில் அமர்ந்திருந்த வாலிபன் பந்தைக் கையில் வாங்குகிறான். தோற்றவர்களுக்குக் கிடைக்கும் தருணம் இலவசமானதன்று. யாரோ ஒருவருடைய தோள் அதற்காக வலிக்கிறது.

2022இல் ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணி, ஹூவரில் முதல் நாளிலேயே வாண்டர்பில்ட்டிடம் 3-1 என்று தோற்று வெளியேறியது. தேசியப் போட்டிக்கான தேர்வுக்குழு கடைசி இடங்களில் ஒன்றை அந்த அணிக்குக் கொடுத்தது. ஒமாஹா நகரில் நடந்த இறுதிக்கட்டத்தில் அது மறுபடியும் ஆர்கன்சாவிடம் 3-2 என்று தோற்றது. ஒரு தோல்வி பொறுக்கப்படும் களமாதலால் மறுநாளும் ஆட்டம் இருந்தது. அன்று டிலன் டெலூசியா ஒருவரே முழு ஆட்டத்திலும் பந்துவீசி, ஒரு ஓட்டமும் கொடாமல், 2-0 என்று வெல்லச் செய்தார். அந்த ஆண்டின் தேசியப் பட்டம் ஓல் மிஸ்ஸுக்கே சென்றது.

மாற்கு என்னும் யோவானை நினைத்துப் பாருங்கள். பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுத் திரும்பிப் போனவன் அவன். பவுல் அவனை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. பவுலின் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நான் சொல்வேன். பர்னபாவோ பவுலின் தோழமையை இழந்து, அவனை அழைத்துக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பலேறினார். பின்னாளில் அதே பவுல், அவனை அழைத்துவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். மாற்கின் மாற்றத்தைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். பர்னபா செலுத்திய விலையைப் பற்றி அதிகம் கேட்டதில்லை.

நம் சபைகளில் மன்னிப்புக்குக் குறைவில்லை, வாயினால் மன்னித்துவிடுகிறோம். ஆனால் ஒருமுறை விழுந்த வாலிபன் பத்து ஆண்டுகள் கடந்தும் கடைசி இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கிறான். பாடகர் குழுவில் அவன் பெயர் திரும்ப வருவதில்லை. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவர்களைக் குறித்து நான் இங்கே பேசவில்லை. அந்தக் கதவு அடைபட்டே இருக்க வேண்டும். குடியில் விழுந்து எழுந்தவர்கள், கடனில் சிக்கி வார்த்தை தவறியவர்கள், திருமணம் முறிந்தவர்கள் ஆகியோரைக் குறித்தே சொல்லுகிறேன்.

வருகிற கமிட்டிக் கூட்டத்தில், பாடகர் குழுவிலும் ஞாயிறு பள்ளியிலும் விடுபட்ட பெயர்களை மீண்டும் வாசிக்கும்படி கேட்கப்போகிறேன். ஒவ்வொரு பெயரோடும் ஓராண்டு கூடவே நிற்க ஒருவர் வேண்டும். முன்வருகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.