மாத்திரையில் இருப்பது மரத்தூளா?

"மாத்திரையில மருந்து துளியூண்டுதான், மீதியெல்லாம் மாவும் மரத்தூளும்!" வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தப் பேச்சைப் படித்தவர்களும் நம்புகிறார்கள். இது பொய். நோயாளிக்குக் கேடு செய்யும் பொய்.

தைராய்டு குறைபாட்டுக்கு லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் எழுதித் தருகிறார் மருத்துவர். ஒரு மில்லிகிராமை 20 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அதைத் தனியே கையில் கொடுத்தால் யார் அளப்பது, எப்படி விழுங்குவது? வேறொரு பொடியில் சீராகக் கலந்து அழுத்தினால்தான் இன்றும் நாளையும் ஒரே அளவு உள்ளே போகும்.

அப்படிக் கலக்கும் பொடிகளில் ஒன்று பெரும்பாலும் மரக்கூழிலிருந்து வருவது உண்மை. ஆனால் வரும் வழியைப் பாருங்கள். மரத்திலுள்ள லிக்னின் முதலியவற்றை நீக்கிய செல்லுலோஸை நீர்த்த அமிலத்தில் சூடாக்குகிறார்கள். ஒழுங்கற்ற பகுதிகள் அறுந்து கரைய, இறுக்கமான படிகப் பகுதிகள் மிஞ்சுகின்றன. கழுவி உலர்த்தினால் மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் என்ற வெண்பொடி. 1955-இல் அமெரிக்கன் விஸ்கோஸ் நிறுவனத்தில் பட்டிஸ்டாவும் ஸ்மித்தும் கண்டறிந்தது. அழுத்தினால் இதன் துகள்கள் நெகிழ்ந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதே செல்லுலோஸை வேறு விதமாக மாற்றினால் கிராஸ்கார்மெல்லோஸ் சோடியம். தண்ணீர் பட்டதும் உப்பி மாத்திரையை உடைக்கும். இன்னொரு விதமாக மாற்றினால் ஹைப்ரோமெல்லோஸ். வயிற்றில் கூழாகி மருந்தை மணிக்கணக்கில் மெல்லக் கசியவிடும். சேர்க்கவும் உடைக்கவும் தாமதிக்கவும் தெரிந்த இப்பொருள்களை மரத்தூள் என்பது அநியாயம்.

"மீதி வெறும் மாவு" என்று நம்புகிறவர்கள்தான் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மாத்திரையை நசுக்கிப் பெரியவர்களுக்குக் கொடுக்கிறார்கள். மெல்ல இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடுகிறது. வேறு சிலர் மலத்தில் மாத்திரை வடிவில் மெத்தென்ற கூட்டைக் கண்டு, கரையாத போலி மருந்து என்று நிறுத்திவிடுகிறார்கள். மருந்து உடலில் சேர்ந்துவிட்டது. வெளியே வந்தது நம் குடல் செரிக்காத செல்லுலோஸ்.

மருந்தோடு சேர்க்கும் இத்தகைய துணைப்பொருளை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 1968 வாக்கில் அங்கே வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் காப்ஸ்யூலில் கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்தார்கள். மருந்தின் அளவு அப்படியே இருந்தது. ஆனால் பலருடைய இரத்தத்தில் மருந்து நச்சு அளவுக்கு ஏறி, அவர்கள் தள்ளாடினார்கள்.

கோபப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம் ஊர் மாத்திரை அட்டைகளில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். மற்றவை பெரும்பாலும் "துணைப்பொருள்கள், தேவையான அளவு" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத ஒருவர் அந்த அட்டையைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வார்? சேர்த்த ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லி அச்சிடுங்கள் என்று மருந்து நிறுவனங்களையும் அரசையும் கேட்போம். தமிழிலும் அச்சிடச் சொல்வோம்.