முதியோருக்கு ஊருக்குள் இடமில்லையா?

"முதியோர் இல்லமா? ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடமாகப் பாருங்கள்" என்று சொல்லாதவர் நம்மிடையே அரியர். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆயினும் அந்த நல்லெண்ணத்தின் அடியில் நிலத்தின் விலை ஒளிந்துகிடக்கிறது. தூய காற்று மட்டுமே நம் கவலையென்றால், நம் பிள்ளைகளின் பள்ளியை ஏன் அங்கே கட்டவில்லை?

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 2011-இல் அதன் மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அந்த எல்லைக்கும் அப்பால், பேருந்து அரிதாகவே வரும் கிளைச்சாலைகளில் முதியோர் இல்லங்கள் பல எழுந்துள்ளன. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும், குறைந்தது 150 பேர் தங்கும் அளவில், எளிதில் சென்றடையத்தக்க இடத்தில் அமைக்கலாம் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. நாமோ 150 என்னும் எண்ணைப் பற்றிக்கொண்டு, இடம் பற்றிய சொற்களை நழுவவிட்டோம். நூற்றைம்பது பேருக்கு ஒரே வளாகம் என்றால் ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். அது நகருக்குள் கிடைக்காது. ஆகவே முதியவர் வெளியே போகிறார். எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கும் சிற்றில்லங்கள் பலவாக இருந்தால் தெருவுக்குள்ளேயே அமையுமே!

அங்கே போகிறவர் இழப்பது என்ன? நாற்பது ஆண்டுகளாகக் கடன் சொல்லி வாங்கிய மருந்துக்கடை, பெயர் சொல்லி அழைக்கும் கீரைக்காரி, கோவிலில் தூணோரத்து இருக்கை. வேலை முடிந்து திரும்பும் வழியில் இல்லம் இருந்தால் மகள் வாரம் இருமுறை எட்டிப்பார்ப்பாள். இரண்டு பேருந்து மாறவேண்டுமெனில் மாதமொருமுறை. பிறகு கிறிஸ்து பிறப்புக்கு மட்டும். மகளைக் குறை கூறிப் பயனில்லை. தொலைவுதான் அவளைத் தடுக்கிறது. முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்கள் இதை அறிவோம். நான்கு தெரு தள்ளியிருப்பவரை மாதந்தோறும் காண்கிறோம். முப்பது கிலோமீட்டர் அப்பால் போனவரை அடக்கத் திருப்பலியில்தான் மீண்டும் காண்கிறோம்.

சென்னையில் அறுபது கடந்தோருக்கு மாதம் 10 இலவசப் பேருந்து வில்லைகள் வழங்கும் திட்டம் 2016-இல் தொடங்கியது. நல்ல திட்டம். பேருந்தே வராத சாலையில் அந்த வில்லையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிண்டியில் 2024-இல் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நள்ளிரவில் மூச்சுத் திணறுபவருக்கு அது எவ்வளவு தொலைவு என்பதல்லவா கேள்வி? 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்த 25 'அன்புச்சோலை' மையங்களுக்கும் இதே அளவுகோல்தான். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் இடம் நடைதூரத்தில் இல்லையேல் யார் வருவார்?

நகருக்குள் நிலம் ஏது என்பார்கள். நெருக்கடி மிகுந்த சிங்கப்பூரில், அட்மிரல்டி தொடர்வண்டி நிலையத்தை ஒட்டியே முதியோர் குடியிருப்பும் மருத்துவ மையமும் உணவங்காடியும் குழந்தைகள் காப்பகமும் ஒரே வளாகத்தில் 2018-இல் திறக்கப்பட்டன. அத்தனை பெரிதாக நமக்கு வேண்டாம். புனித ழான் ஜுகான் 1839-இல் பிரான்சில் தம் சிறுகுடிலுக்குப் பார்வையற்ற மூதாட்டியை அழைத்துவந்து தம் கட்டிலையே கொடுத்தார். பின்னர் கூடை ஏந்தி வீடுவீடாகச் சென்று உணவு திரட்டினார். வீடுகளே இல்லாத இடத்தில் அந்தக் கூடை எப்படி நிறைந்திருக்கும்?

நிலம் நம்மிடமும் இருக்கிறது. நகரின் நடுவே ஆலய வளாகங்களில் திருமண மண்டபங்களுக்கும் வாடகைக் கடைகளுக்கும் இடம் கிடைத்தது. (வாடகை பங்கின் செலவுக்கு வேண்டும் என்பதை நானும் அறிவேன், கணக்கேட்டில் கையொப்பமிடுபவன் நான்தானே.) முதியோருக்கென்றால் மட்டும் யாரோ நன்கொடையாக அளித்த புறநகர் மனை நம் நினைவுக்கு வருகிறது. அதுவும் ஏரிக்கரையை ஒட்டிய தாழ்நிலமாக இருந்தால், 2015 டிசம்பர் வெள்ளத்தை நேரில் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பங்குப் பேரவையில் புதிய மண்டபத்தின் வரைபடம் மேசைக்கு வரும்போது, தரைத்தளத்தில் எட்டுக் கட்டில்கள் போட எங்கே இடம் என்று யாரேனும் ஒருவர் எழுந்து கேட்கட்டும். விடை கிடைக்கும்வரை அந்த வரைபடத்திற்குக் கையொப்பம் வேண்டாம்.